சந்தேக நபர்

திருத்தணி
19.6.2024

ஜெரால்டுக்கு அம்மா எழுதுவது.

நம் வீட்டில் கடிதம் என்றால் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவோம். இன்று எனக்குக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டேன். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுவேன், உன் மனைவி ஆனி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். எழுதினால் முழுதாகச் சொல்லி முடிக்கலாம். ஹாலில் நீ மாட்டிய கேமராவின் ஒயரையும் பிடுங்கிவிட்டேன். அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று யாரையும் அனுப்பாதே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது வேறொருவருக்கு.

நேற்றுக் காலை துளசிங்கம் ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் வந்து இறங்கி, எப்போதும்போல நம் தெருவுக்குள் திரும்பியிருக்கிறார். முனையில் நகர்ச் சங்கச் செயலாளர் கங்காதரன், கையில் 'மூத்தோர் அரண்' என்று எழுதிய மஞ்சள் பட்டையோடு. கூட இரண்டு பேர். சத்தம் கேட்டு நான் கேட்டைத் திறந்துகொண்டு போனேன்.

"யாருய்யா நீ? வாரத்துக்கு ரெண்டு வாட்டி அந்தம்மா வூட்டாண்ட வந்துகினு போய்கினு கீற?"

"கால்ல புண்ணுங்க. சிஸ்டராண்ட கட்டு போட்டுக்க வந்தேங்க."

"ஊர்ல ஆஸ்பத்திரி இல்லியா? தனியா கீற பொம்பள வூடுதான் ஆப்டுச்சா? எங்க, புண்ணக் காட்டு பாப்போம்."

நான் "அவர் என்னிடம்தான் வருகிறார்" என்று கத்திக்கொண்டே ஓடினேன். என் ஓட்டம் உனக்குத் தெரியுமே, முட்டி வலியோடு எவ்வளவு ஓட முடியும்? நான் போவதற்குள் அவர் சாக்கடைக் கல்மேல் உட்கார்ந்து, சனிக்கிழமை நான் போட்ட கட்டைத் தெருவில் வைத்து அவிழ்த்துவிட்டார். ஈ மொய்த்தது. புண்ணைப் பார்த்த பிறகும் கங்காதரன் போனை எடுத்து அவர் முகத்தைப் படம் பிடித்தார்.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு கங்காதரன் சொன்ன பதில் இது: "கோச்சுக்காதீங்கம்மா. உங்க பையன்தான் பூனாவுலருந்து போன் பண்ணாரு. கேமராவுல பாத்துகினே கீறாராம். தெரியாத ஆளு, இன்னான்னு விசாரிங்கன்னாரு. எங்க டூட்டி நாங்க பண்ணோம்."

துளசிங்கம் கட்டுத் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு எழுந்தார். உள்ளே வாங்க, புதுசா கட்டிவிடுகிறேன் என்றேன். "வேணாங்க சிஸ்டர். பஸ்ஸு வந்துடும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் இருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சாயங்காலம் பால் ஊற்றும் பெண் தன் போனைக் காட்டினாள். நகர்க் குரூப்பில் அவர் முகம். மேலே, 'எச்சரிக்கை! தனியாக வசிக்கும் முதியோர் வீடுகளை நோட்டமிடும் சந்தேக நபர்.'

'யார் அம்மா அவர்?' என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்க உனக்கு வாய் வரவில்லை. அந்தப் படத்தைக் குரூப்பிலிருந்து எடுக்கச் சொல். அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேள். அதுவரை நான் போனை எடுக்க மாட்டேன்.

அம்மா


பூனா
27.6.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அது வரும்வரை நான் தூங்கிய லட்சணம் ஆனிக்குத்தான் தெரியும். போன் அணைந்திருக்கிறது, கேமராவில் வெறும் கருப்பு. வாராவாரம் உங்களை வந்து பார்க்கும் காவலர் சுசித்ராவுக்கு போன் செய்து, அவர் நேரில் வந்து பார்த்து, "அம்மா நல்லாத்தான் கீறாங்க சார், உங்க மேலதான் கோவம்" என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

உங்களுக்குப் பரசுராமன் சார் வீட்டில் நடந்தது மறந்துவிட்டதா? பட்டப்பகலில், தண்ணீர் கேட்டு ஒருவன் உள்ளே வந்தான். சாரின் மனைவி டீச்சரின் கழுத்துச் சங்கிலியைப் பிடுங்கித் தள்ளிவிட்டுப் போனான். தலையில் அடிபட்ட டீச்சர் பிழைக்கவில்லை. நம் வீட்டிலிருந்து இரண்டு தெரு. அன்றைக்குப் போனில் "அடுத்தது நானா இருந்தா என்னடா பண்ணுவே?" என்று அழுதது யார்? அதனால்தான் தனியாக இருக்கும் முதியோரைக் காக்க நகர்ச் சங்கமும் போலீசும் சேர்ந்து 'மூத்தோர் அரண்' தொடங்கியதும் முதல் ஆளாக உங்கள் பெயரைக் கொடுத்தேன். அதனால்தான் லீவு போட்டு வந்து கேமரா மாட்டினேன். இதெல்லாம் குற்றமா?

நான் என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன். ஆபீசில் காலை டிபனின்போது போனைத் திறந்து உங்களைப் பார்ப்பது என் வழக்கம். ஒருநாள் பார்க்கிறேன், லுங்கி கட்டிய ஒரு ஆள் நம் ஹாலில் உட்கார்ந்திருக்கிறான். நைனாவின் நாற்காலியில். நைனா போன பிறகு அதில் நான்கூட உட்கார்ந்ததில்லை. அடுத்த வாரமும் அதே ஆள், அதே நாற்காலி. நீங்கள் போனில் அதைப் பற்றி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லாத விஷயத்தை நான் எப்படிக் கேட்பது? பயந்தேன். மிரட்டுகிறானோ, பணம் கேட்கிறானோ என்று பயந்தேன். விசாரிக்கச் சொன்னேன். எந்த மகனும் அதைத்தான் செய்வான்.

படம் குரூப்புக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. அது தவறுதான். ஆனால் அது அவர்கள் செய்த தவறு.

ஆனியின் அக்கா அரக்கோணத்திலிருந்து போன் செய்து, "அத்தை வீட்டுக்கு யாரோ வந்து போறாங்களாமே" என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? தயவுசெய்து ஒயரை மாட்டுங்கள். இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து இருங்கள்.

ஜெரால்ட்


திருத்தணி
8.7.2024

ஜெரால்டுக்கு,

'ஒரு ஆள்', 'உட்கார்ந்திருக்கிறான்' என்று எழுதியிருக்கிறாய். அவருக்கு உன் நைனாவைவிட இரண்டு வயதுதான் குறைவு. நைனாவை யாராவது அப்படி எழுதினால் நீ சும்மா இருப்பாயா?

அவர் யார் என்று இப்போதாவது தெரிந்துகொள். அம்மையார்குப்பத்தில் பவர்லூமில் கூலிக்கு நிற்பவர். மனைவி சந்திரா இறந்துவிட்டார். மகன் கௌதமன், மருமகள் விஜியோடு இருக்கிறார். அவரை எனக்குக் காட்டியதே உன்னுடைய அந்த மூத்தோர் அரண்தான். ஜனவரியில் கல்யாண மண்டபத்தில் முதியோருக்கு மருத்துவ முகாம் வைத்தார்கள். "நீங்க ரிட்டயர்டு நர்ஸ், கூட நின்னு பிரஷர் பாத்துக் குடுங்கம்மா" என்று இதே கங்காதரன்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வரிசையில் கடைசியாக வந்தார் துளசிங்கம். செருப்பைக் கழற்றும் முன்பே எனக்கு வாடை தெரிந்துவிட்டது. சர்க்கரைப் புண். பெருவிரலுக்குக் கீழே குழி விழுந்திருந்தது.

கட்டுப் போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்களா என்று கேட்டேன். "வரிசைல நின்னு கட்டிகினு வந்தா அன்னைக்குத் தறி போச்சுங்க. மொதலாளி வேற ஆள நிறுத்திடுவான்" என்றார். வீட்டுக்கே வந்து கட்டுப் போடும் நர்ஸ் இருக்கிறாரே என்றேன். அவர் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு மட்டும்தான் வருவாராம். இவர் நடக்கிறார், அதனால் கணக்கில் வரமாட்டாராம். நம் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். செவ்வாயும் சனியும் ஷிப்டுக்கு முன்னால் வாங்க, நான் கட்டுகிறேன் என்று சொன்னேன். இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் செய்ததை வீட்டில் செய்தேன், அவ்வளவுதான். மே மாதம் அந்தக் குழி மேலே வந்து, ஓரம் சிவந்து, மூட ஆரம்பித்திருந்தது. ரிட்டயர் ஆன பிறகு எனக்கு அவ்வளவு சந்தோஷம் வேறெதிலும் வரவில்லை.

நீ கேட்கக் கூச்சப்படுவதையும் நானே சொல்லிவிடுகிறேன். கட்டு முடிந்ததும் அவர் போய்விடலாம். காபி குடித்துவிட்டுப் போங்க என்று உட்கார வைத்தவள் நான். அந்த நாற்காலியை இழுத்துப் போட்டவளும் நான். ஆள் உட்காராத நாற்காலியை எத்தனை நாளைக்குத் துடைத்துக்கொண்டே இருப்பேன்? தறிச் சத்தத்திலேயே இருந்து பழகியதால் அவருக்கு மெல்லப் பேச வராது. சந்திராவோடு போட்ட சண்டையை, முதலாளி கணக்குப் பார்க்கும் அழகை எல்லாம் நடித்துக் காட்டுவார். நான் வாய்விட்டுச் சிரிப்பேன். செவ்வாய் எப்போது வரும், சனி எப்போது வரும் என்று காத்திருந்தேன். அதை ஒளிக்கப் போவதில்லை. அதற்குமேல் ஒன்றுமில்லை. இருந்திருந்தாலும் அதைத் தெருவில் நிறுத்தி விசாரிக்க ஒருவருக்கும் உரிமை கிடையாது.

அன்றைக்குப் போனவர் திரும்ப வரவில்லை. படம் அம்மையார்குப்பம்வரை போய்விட்டது. தறியில் யாரோ அதைக் காட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நாள் வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். சுசித்ராதான் விசாரித்துச் சொன்னாள். நல்ல பெண். "டெலீட் பண்ணச் சொல்லி பண்ணிட்டாங்கம்மா. ஆனா எத்தினி போனுக்குப் போச்சோ, அத யாரு புடிக்கறது?" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் கங்காதரன் வீட்டுக்கே போய், குரூப்பில் உண்மையைப் போடுங்கள் என்றேன். "சொன்னது உங்க பையன். அவரு 'தப்பா நெனச்சிட்டேன்'னு ஒரு வார்த்தை போடட்டும். அப்பால நானும் போடறேன். நானா எப்டிம்மா போடறது? சங்கத்துப் பேரு இன்னாவறது?" என்கிறார்.

ஆக, உன் கையில்தான் இருக்கிறது. ஒரு வரி. அவர் கௌரவமானவர், என் அம்மாவிடம் வைத்தியத்துக்கு வந்தவர், நான்தான் தவறாக நினைத்துவிட்டேன். இவ்வளவு போதும். நாள் தள்ளாதே. அந்தப் புண் உன் வசதிக்காகக் காத்திருக்காது.

அம்மா


பூனா
19.7.2024

அம்மாவுக்கு,

கடிதம் படித்தேன். ஒரு தடவைக்குமேல் படிக்க முடியவில்லை.

அந்த வரியை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்தக் குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தீர்களா? என்னோடு படித்தவர்கள் இருக்கிறார்கள். சபையில் பாதிப் பேர் இருக்கிறார்கள். நைனாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால், 'என் அம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்த ஆளை நான் தவறாக நினைத்துவிட்டேன்' என்று நான் எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டு என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

ஒன்று சொல்கிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. அந்தக் கேமராவில் சத்தம் வராது, படம் மட்டும்தான். நீங்கள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பதைப் பார்த்தேன். நைனாவோடு இருந்த வருஷங்களில் நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. டிபன் பாக்ஸை அப்படியே மூடி வைத்தேன். கங்காதரனுக்கு போன் செய்தது அன்றைக்குத்தான்.

சரி. எழுதுகிறேன். ஆனால் முதலில் கேமராவைப் போடுங்கள். நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள் என்று என் கண்ணால் பார்த்த பிறகு எழுதுகிறேன். இது பேரம் இல்லை. என் பயம் உங்களுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஜெரால்ட்


திருத்தணி
27.7.2024

ஜெரால்டுக்கு,

பேரம்தான். வேறு பேர் வைக்காதே.

போட்டுவிட்டேன். ஸ்டூல்மேல் ஏறி நானே ஒயரை மாட்டினேன். பார்த்துக்கொள். இட்லி சாப்பிடுவதைப் பார், பைபிள் வாசிப்பதைப் பார், முட்டிக்குத் தைலம் தேய்ப்பதைப் பார்.

உன் நைனாவோடு நான் சிரித்ததில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் நைனா நல்ல மனிதர். ஆனால் வீட்டில் பெண் சத்தமாகச் சிரித்தால் அவருக்குப் பிடிக்காது. நீ அதைப் பார்த்து வளர்ந்தவன். இதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக்காரர்கள் வந்து குவிந்துவிட்டார்கள். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிற்கிறது. கூட்டம் கலைந்ததும் அம்மையார்குப்பம் போய் அவரைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். வெறுங்கையோடு போக எனக்கு முகமில்லை. நீ எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

இப்போது உன் பங்கைச் செய்.

அம்மா


பூனா
22.8.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஆபீசில் ஆடிட், நடுவில் பாப்பாவுக்குக் காய்ச்சல். சொன்னபடி நேற்று குரூப்பில் போட்டுவிட்டேன். நீங்கள் சொன்ன வார்த்தைகளை அப்படியே போட்டால் நன்றாக இருக்காது என்று ஆனியும் நானும் உட்கார்ந்து திருத்தினோம். இதுதான் போட்டது:

'அனைவருக்கும் வணக்கம். ஜூன் மாதம் இந்தக் குழுவில் பகிரப்பட்ட படத்தில் உள்ள நபர் திருடர் அல்ல என்பது விசாரணையில் தெரியவந்துள்ளது. எங்கள் தாயாரின் இரக்க குணத்தைப் பயன்படுத்தி இலவசமாகச் சிகிச்சை பெற்றுவந்த வெளியூர் நோயாளி அவர். இனி நம் நகருக்குள் வரமாட்டார். விழிப்போடு செயல்பட்ட கங்காதரன் ஐயாவுக்கும் குழுவினருக்கும் நன்றி.'

நிறையப் பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். நாலு பேர் தனியாக எனக்கு எழுதி, உங்களைப் போல் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை இந்தக் காலத்தில் யார் என்றார்கள். இதோடு இந்த விஷயம் முடிந்தது என்று நினைக்கிறேன். உங்கள் மனமும் ஆறியிருக்கும்.

கேமரா போட்டதற்கு நன்றி. ஆனால் நீங்கள் எப்போதும் அதற்கு முதுகைக் காட்டியே உட்காருகிறீர்கள். கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் பாப்பாவும் உங்களைப் பார்ப்பாள்.

ஜெரால்ட்


பூனா
3.10.2024

அம்மாவுக்கு,

போன கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. போனும் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது போலிருக்கிறது.

கேமராவில் பார்க்கிறேன், சில நாட்கள் காலையிலேயே வீடு காலியாக இருக்கிறது. மத்தியானம் தாண்டித்தான் பையோடு உள்ளே வருகிறீர்கள். வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிடுகிறீர்கள். எங்கே போகிறீர்கள்? கங்காதரனைக் கேட்டேன், "பஸ் ஏறிப் போறாங்க சார், எங்கன்னு சொல்ல மாட்டேங்கறாங்க" என்கிறார். இந்த வயதில், இந்த முட்டியோடு, டவுன் பஸ்ஸில் நெரிசலில் எங்கே அலைகிறீர்கள்?

சென்னையில் முதியோருக்கென்றே கட்டிய அடுக்குமாடி இருக்கிறது. டாக்டர், நர்ஸ், செக்யூரிட்டி எல்லாம் உள்ளேயே. ஆனி விவரம் வாங்கி வைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் வருகிறோம். அப்போது உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். டிக்கெட் போடப் போகிறேன்.

அந்த ஆள் இப்போது வருவதில்லை என்று தெரிகிறது. அதுவரை நல்லது.

ஜெரால்ட்


திருத்தணி
14.10.2024

ஜெரால்டுக்கு,

எங்கே போகிறேன் என்று கேட்டிருக்கிறாய். அம்மையார்குப்பத்துக்குப் போகிறேன். துளசிங்கம் வீட்டுக்கு. உன் கடிதம் வந்து, அதைப் பலநாள் மேசைமேல் வைத்துப் பார்த்துவிட்டு, செப்டம்பரில்தான் முதல் தடவை போனேன். நீ எழுதியதை எடுத்துக்கொண்டு போகவில்லை. அதை அவரிடம் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது.

மருமகள் விஜி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "நீங்கதானா அந்த நர்சம்மா? உங்க வூட்டு விவகாரத்துல எங்க மாமனாரு காலு போச்சு. இன்னும் இன்னா வோணும்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. கௌதமன் வெளியே வந்து சொன்னான். உன் வயதுதான் இருக்கும். அவனும் அப்பாவை நைனா என்றுதான் சொல்கிறான்.

"எங்க நைனா மூஞ்ச ஊரே பாத்துச்சுமா. திருடன வூட்ல வச்சிகினு கீறியான்னு என்னையே கேட்டானுங்க. இனிமே அந்தப் பக்கம் போனா வூட்டுக்கு வராதன்னு நான்தான் சொன்னேன். நைனா அப்பால யாராண்டயும் காலக் காட்டல. பழைய வேட்டியக் கிழிச்சிக் கட்டிகினு போத்திகினே படுத்துகினு கெடந்தாரு. கேட்டா, ஆறிப்போச்சுடான்னாரு."

காய்ச்சல் வந்தது கிருத்திகைக்கு முந்தின நாள். காவடிக் கூட்டத்தில் வண்டி கிடைக்காமல், கிடைத்த வண்டி நகராமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் விஷம் மேலே ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் ஸ்டூலில் ஏறி உன் கேமராவுக்கு ஒயர் மாட்டிய மறுநாள் அந்தக் காய்ச்சல் வந்திருக்கிறது. நீயும் ஆனியும் உட்கார்ந்து வார்த்தை திருத்திக்கொண்டிருந்தபோது அவருக்குக் கால் இல்லை.

நாற்பது வருஷம் எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்டவள், அந்த வாசலிலிருந்து கொண்டுபோன பையைத் திறக்காமலே திரும்பி வந்தேன்.

மறுவாரம் மறுபடி போனேன். விஜி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். உள்ளேயிருந்து வாடை வந்தது. அவளுக்கும் அது என்ன வாடை என்று தெரிந்திருந்தது. வீட்டுக்கு வரும் நர்ஸ் இப்போது வாரம் ஒருமுறை வருகிறார். படுக்கையில் விழுந்துவிட்டார் அல்லவா, இப்போது கணக்கில் வந்துவிட்டார். ஆனால் அந்தக் காலுக்கு வாரம் ஒருமுறை போதாது. விஜி கதவை விட்டு நகர்ந்துகொண்டாள். நான் உள்ளே போனேன்.

துளசிங்கம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "எதுக்கு வந்தீங்க?" என்றார். கட்டு மாற்ற வேண்டும் என்றேன். "ஆங்" என்றார். அவ்வளவுதான். அந்தச் சத்தமான குரல் இல்லை. சிஸ்டர் என்று அழைக்கவும் இல்லை. மருந்து பட்டு எரிந்தபோது பாயைப் பிடித்துக்கொண்டார், முனகவில்லை. நான் ஏதேதோ பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "சீக்கிரம் முடிச்சிட்டுக் கெளம்புங்க. தெருவுல பாத்துகினு கீறாங்க" என்றார்.

அன்றிலிருந்து செவ்வாயும் சனியும் போகிறேன். அவர் பேசுவதில்லை. கௌதமன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கட்டு முடிந்து நான் கை கழுவியதும் விஜி அந்தச் சொம்பை உள்ளே எடுக்காமல் வாசலிலேயே கவிழ்த்து வைக்கிறாள். நான் வந்துவிடுகிறேன். புண் ஆறுகிறது. வேறெதுவும் ஆறவில்லை. அது ஆற வேண்டும் என்று கேட்கிற இடத்தில் நான் இல்லை.

மூத்தோர் அரணிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி கங்காதரனிடம் கேட்டேன். "பையன் குடுத்த பேருமா, பையன் சொன்னாத்தான் எடுக்க முடியும்" என்கிறார். எடுக்கச் சொல். கேமராவை நான் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டு உன் விலாசத்துக்கு அனுப்பிவிட்டேன். சுசித்ரா வரட்டும். அவள் என்னைப் பார்க்க வருகிறாள், என் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று பார்க்க வரவில்லை.

உனக்கு இருந்த பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. டீச்சர் செத்தது பொய்யா? எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் நீ கங்காதரனைக் கூப்பிட்டது பயத்தினால் அல்ல. நான் சிரித்ததைப் பார்த்த அன்று கூப்பிட்டாய். நீயே எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை, ஆனால் இன்னொரு தடவை படிக்கவும் மாட்டேன்.

சென்னை அடுக்குமாடிக்கு நான் வரவில்லை. ஆனியிடம் சொல்லிவிடு.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். முந்தின நாள் செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல நான் காலை பஸ்ஸுக்குப் போய்விடுவேன். நீ வருவதானால் என்னோடு அந்த பஸ்ஸில் ஏறு. அந்த வீட்டுக்குள் வந்து, அவர் படுக்கைக்கு முன்னால் நின்று, நீ யார் என்று உன் வாயால் சொல். திட்டுவாரோ, துப்புவாரோ, சுவரைப் பார்த்தபடியே கிடப்பாரோ, எனக்குத் தெரியாது. எதுவானாலும் நின்று வாங்கிக்கொள்.

அதற்கு மனம் இல்லையென்றால் டிக்கெட் போடாதே.

பிரேமகுமாரி